ஊசித்துளை கேமராவும் காலைச் சூரியனும்: பித்தளைத் தகடா, டப்பா அலுமினியமா?

பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு மேற்கே நின்று, சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்த நேரத்தில், லென்ஸுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகட்டில் குத்திய ஊசித்துளை வழியே படம் பிடிக்கும் ஒரே பெட்டியில், அந்தத் தகட்டை மட்டும் மாற்றி இரண்டு படங்கள் எடுத்தேன். குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டிய அலுமினியம் தந்த படத்தில், மண்டபத்தின் வளைவுக்குக் குறுக்கே ஈர்க்குச்சிகளை விசிறிப் போட்டதுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடின. பித்தளை தந்த படத்தில் சூரியனைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் மட்டுமே இருந்தது.

ஊசித்துளையில் லென்ஸ் இல்லாததால், கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே ஒளி எதிரொளித்து உண்டாகும் புள்ளிகள் இதில் வர வழியில்லை. ஃப்ளேர் எனும் வேண்டாத சிதறொளி பிறப்பது துளையின் விளிம்பிலும் பெட்டியின் உட்புறத்திலும்தான். துளையிலிருந்து ஃபிலிம் 50 மி.மீ. தள்ளியிருக்கும் என் பெட்டியில், துளையின் மங்கலையும் சேர்த்துச் சூரியனின் பிம்பம் முக்கால் மி.மீ. அளவுதான் விழ வேண்டும். அதற்கு மேல் வெளுத்துக் கிடப்பதெல்லாம் வேண்டாத வெளிச்சமே.

அந்த இடைவெளிக்கு ஏறத்தாழ 0.3 மி.மீ. துளை பொருந்தும். டப்பாவின் சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன் என்பதால், துளை அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள குட்டிச் சுரங்கமாகிவிடுகிறது. சாய்ந்து வரும் வெயில் அதன் பளபளப்பான சுவரில் பட்டு ஃபிலிமுக்குத் தெறிக்கிறது. நான் பாரிமுனையில் ‘ஷிம்’ (மெல்லிய தகடு) என்று கேட்டு வாங்கிய பித்தளை 0.05 மி.மீ.; சுரங்கம் பாதியாகக் குறைகிறது. அலுமினியம் மென்மையானது, ஊசி குத்தியதும் பிசிறு மடங்கி நிற்கும். ஒவ்வொரு பிசிறும் படத்தில் ஒரு கோடு.

டப்பாத் துண்டையும் நுண்ணிய உப்புத்தாளால் பின்புறம் தேய்த்து மெலியவைக்கலாம். பொறுமை வேண்டும், எனக்கு இரண்டு துண்டுகள் கிழிந்தன. எந்தத் தகடானாலும் உட்புறத்தை மெழுகுவத்திப் புகையிலோ கறுப்பு மார்க்கராலோ கருப்பாக்காவிட்டால், ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளி தகட்டில் மோதி மீண்டும் ஃபிலிமுக்கே வரும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு படங்களையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அங்கே பித்தளைக்குச் செலவழிப்பது வீண். உலக ஊசித்துளைப் புகைப்பட நாளான ஏப்ரல் கடைசி ஞாயிறன்று நண்பகலில், சென்னையில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்பதால், நிமிர்த்தி வைத்த பெட்டிக்குள் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. அன்று ஆறரை மணிக்கே கடலைப் பார்த்து நிற்கப் போகிறவர் மட்டும் பித்தளைத் தகட்டை மாட்டிக்கொள்ளலாம்.