டாங்குக்குள் பம்பா, பெல்ட் பம்பா? 1000 ஹெச்பி காருக்கு எரிபொருள் ஊட்டும் கணக்கு

அமெரிக்காவில் 2005 முதல் 'டிராக் வீக்' என்றொரு பந்தயம் நடக்கிறது. ஐந்து நாள் ஓட்டம். ஒரு டிராக் ஸ்டிரிப்பில், அதாவது நேர்க்கோட்டுப் பந்தயத் தடத்தில், ஓடி முடித்ததும் அதே காரைப் பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு அடுத்த ஸ்டிரிப்புக்குப் போக வேண்டும். டிரெய்லரில் ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. வாரக் கடைசிக்குள் சாலையில் மட்டும் ஆயிரம் மைலைத் தொட்டுவிடும். 2019-இல் டாம் பெய்லி தன் 1969 கமாரோவில் கால் மைலை 5.99 விநாடியில் கடந்தது இந்தப் பந்தயத்தில்தான்.

எல்லோரும் அந்த நேரத்தைப் பார்த்து வியந்தார்கள். எரிபொருள் லைன் இழுக்கிறவனுக்கு வியப்பு வேறு இடத்தில். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது பெரிய டர்போ வி8 ஒன்று மணிக்கு 20 லிட்டர் கணக்கில் குடிக்கும். ஸ்டிரிப்பில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அதே இன்ஜின் மணிக்கு 500 லிட்டர் கணக்கில் கேட்கும். கொடுக்கத் தாமதமானால் காத்திருக்காது, பிஸ்டனை உருக்கிவிடும். இருபதுக்கும் ஐந்நூறுக்கும் ஒரே டாங்க், ஒரே லைன். பம்ப் தேர்வில் உள்ள கஷ்டம் முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. ஐந்நூறை மட்டும் பார்த்து வாங்கிய பலரின் கார், வெயிலில் டிராஃபிக் சிக்னலில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. டர்போ போட்ட பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஹெச்பிக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு எரிபொருள் வேண்டும். 1000 ஹெச்பிக்கு 600 பவுண்டு, அதாவது 370 லிட்டர் அளவு. எத்தனால் பெருமளவு கலந்த பெட்ரோலான இ85 என்றால் 0.85 பவுண்டு, 490 லிட்டர். மெத்தனால் என்றால் 1.2 பவுண்டு, 690 லிட்டர். இதற்கு மேல் 20 சதவீதம் கையிருப்பு வைப்பேன். ஆக இ85 காருக்கு 590 லிட்டர்.

இங்கேதான் முதல் சறுக்கல். 'மணிக்கு 255 லிட்டர் பம்ப் இரண்டு போட்டால் 510, 490-க்குத் தாராளம்' என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். பெட்டியில் அச்சடித்த எண் பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் அளந்தது. உங்கள் இன்ஜினில் டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், 30 பிஎஸ்ஐ என்றால், இன்டேக்கில் உள்ள காற்று இன்ஜெக்டரின் வாயை 30 பிஎஸ்ஐயில் எதிர்த்துத் தள்ளுகிறது. அதை ஈடுகட்ட ரெகுலேட்டர் எரிபொருள் அழுத்தத்தையும் அதே அளவு உயர்த்தும். அடிப்படை 43.5, பூஸ்ட் 30, மொத்தம் 73.5 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் எந்த எலக்ட்ரிக் பம்பும் பெட்டியில் போட்ட எண்ணைத் தராது. வால்ப்ரோ 450 போன்ற நல்ல பம்பே நானூறுக்குக் கீழே இறங்கிவிடும். பம்ப் வாங்கும்போது பார்க்க வேண்டியது அழுத்தத்துக்கு எதிரான ஃப்ளோ வரைபடத்தை. அதைத் தராத பம்பை நான் தொடுவதில்லை.

இரண்டாவது சறுக்கல் வோல்ட்டேஜ். எங்கள் ஒர்க்ஷாப்புக்கு ஒரு கார் வந்தது. இரண்டு பம்ப் இருந்தும் நாலாவது கியரில் அழுத்தம் சரிந்துகொண்டே போனது. மூன்றாவது பம்புக்குக் காசு எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தார் காரின் சொந்தக்காரர். பேட்டரியில் மீட்டர் 13.8 காட்டியது. பின்சீட்டைத் தூக்கி, டாங்க் மூடியின் மேலுள்ள டெர்மினலில் மீட்டர் முனைகளை வைத்தோம்: 11.4. இரண்டாவது பம்பும் ஓட ஆரம்பித்ததும் 10.9. சாக்கெட்டைக் கழற்றினால் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி மெழுகு மாதிரி உருகியிருந்தது. ஒரு பம்புக்கு 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கிற வேலையை, சின்னப் பம்புக்காக ஃபேக்டரியில் போட்ட மெல்லிய வயர் செய்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து நேராக 10 கேஜ் வயர், பம்புக்கு ஒரு ரிலே, ஒரு ஃப்யூஸ், தனி எர்த். டெர்மினலில் 13.4 வந்தது. மூன்றாவது பம்ப் வாங்கவே இல்லை.

மூன்றாவது ஒன்றைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டாங்க் பின்னால், இன்ஜின் முன்னால், நடுவில் 3 மீட்டர் லைன். கார் 2ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு) பாயும்போது அந்த 3 மீட்டர் எரிபொருளும் பின்னோக்கி அழுத்துகிறது. கணக்குப் போட்டால் 6 பிஎஸ்ஐக்கு மேல் வரும். சக்தியை அளக்கும் டைனோ மேடையில் கார் நகர்வதில்லை, ஆகவே அங்கே இது தெரியவே தெரியாது. டைனோவில் பிசகில்லாமல் ஓடிய கார் ஸ்டிரிப்பில் கிளம்பிய உடனே லீன் ஆவதற்கு (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்காமல் போவதற்கு) இது ஒரு காரணம்.

இனி வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

டாங்குக்குள்ளேயே இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரிக் பம்ப் வைப்பது சாலைக்கும் ஸ்டிரிப்புக்கும் ஓடும் காருக்கு என் முதல் தேர்வு. பம்ப் எரிபொருளில் மூழ்கியிருப்பதால் உறிஞ்ச வேண்டிய வேலை இல்லை, தள்ளினால் போதும். மேலே சொன்ன 6 பிஎஸ்ஐ தள்ளும் பக்கம் வருவதால் சமாளிக்கலாம். சத்தம் குறைவு. சூட்டையும் சுற்றியுள்ள எரிபொருளே வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்தச் சூடுதான் இதன் பலவீனமும். இரண்டு பெரிய பம்ப் சேர்ந்து ஓடினால் 450 வாட் அளவு மின்சாரம் செலவாகிறது. சிக்னலில் நிற்கும்போது, பம்ப் தள்ளும் எரிபொருளில் ஒரு துளியைத்தான் இன்ஜின் எடுக்கும். மீதி அத்தனையும் சூடான இன்ஜின் அறையைச் சுற்றிவிட்டு ரிட்டர்ன் லைன் வழியாக டாங்குக்கே திரும்பும். கால் டாங்க் எரிபொருளை இப்படி ஒரு மணி நேரம் சுற்றவிட்டால் ஆவிக்குமிழ் கிளம்பும். பம்பின் ரீங்காரம் மாறும், அழுத்தமானியின் முள் நடுங்கும். பெட்ரோலில் இது சீக்கிரம் வரும்.

இதற்கு வழி, முதல் பம்பை மட்டும் எப்போதும் ஓடவிட்டு, பூஸ்ட் 5 பிஎஸ்ஐயைத் தாண்டும்போது இன்ஜினின் கணினியான இசியு மூலம் இரண்டாவதை எழுப்புவது. ஒவ்வொரு பம்பின் வாயிலும் செக் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் தூங்குகிற பம்ப் வழியாகவே எரிபொருள் டாங்குக்குத் திரும்பி ஓடிவிடும். இரண்டாவது பம்ப் எழுந்திருக்காத நாள் ஒன்று வரும் என்று வைத்துக்கொண்டே இசியுவில் பாதுகாப்பு எழுத வேண்டும். எரிபொருள் அழுத்தம் இருக்க வேண்டியதைவிட 5 பிஎஸ்ஐ குறைந்தால் பூஸ்டை வெட்டு. ஒரு சென்சார் விலை ஒரு பிஸ்டன் விலையைவிடக் குறைவு.

வெளியே மாட்டும் ஒற்றைப் பெரிய பம்ப், ஏரோமோட்டிவ் ஏ1000 ரகம், ஒரு காலத்தில் இந்த உலகையே ஆண்டது. பிட்டில் டாங்கை இறக்காமலே மாற்றிவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் அதற்கு உறிஞ்சப் பிடிக்காது. டாங்கின் மட்டத்துக்குக் கீழே மாட்ட வேண்டும், உள்ளே வரும் பக்கம் அகலமான ஹோஸ், 100 மைக்ரான் ஃபில்டர். வெளியே போகும் பக்கம் 10 மைக்ரான். இந்த ஃபில்டர்களை இடம் மாற்றிப் போட்டு, பட்டினி கிடந்து செத்த பம்புகள் பல. சாலையில் அதன் இரைச்சல் காருக்குள் நிரந்தர விருந்தாளி. இதன் புதிய தலைமுறையான பிரஷ்லெஸ் பம்ப் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிக்னலில் சூடேறுவது பெருமளவு குறையும். விலை தாங்குகிறவருக்கு அதைச் சொல்வேன். மற்றவருக்கு டாங்குக்குள் இரட்டைப் பம்பே மேல்.

மூன்றாவது மெக்கானிக்கல் பம்ப். பெல்ட்டிலோ கேம்ஷாஃப்டிலோ மாட்டி இன்ஜினே சுற்றும் பம்ப். கலிஃபோர்னியாவின் ஸ்டூவர்ட் ஹில்போர்ன் 1940-களில் செய்த மெக்கானிக்கல் இன்ஜெக்ஷனிலிருந்து வரும் பழைய வம்சம் இது. இதன் அழகு எளிமையில் இருக்கிறது: இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் அதிகம் வேண்டும், அப்போதுதான் பம்பும் அதிகம் தருகிறது. வயர் இல்லை, ரிலே இல்லை, வோல்ட்டேஜ் சரிவு இல்லை. அழுத்தம் கூடினாலும் எலக்ட்ரிக் பம்ப் போல ஃப்ளோ விழுந்துவிடாது. 11,000 ஹெச்பி என்று சொல்லப்படும், டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவான டாப் ஃப்யூல் கார்களுக்கு நைட்ரோமீத்தேனை ஊட்டுவதும் இன்ஜின் சுற்றும் பம்ப்தான். அந்த அளவைத் தள்ளும் சக்தியைச் சாதாரண கார் பேட்டரியால் தர முடியாது.

ஆனால் டாங்க் இன்ஜினுக்கு முன்னால், காரின் மூக்கில் இருக்க வேண்டும். அப்போது பாய்ச்சலின் விசையே எரிபொருளைப் பம்புக்குள் தள்ளும். பின் டாங்கை வைத்துக்கொண்டு முன்னால் பெல்ட் பம்ப் மாட்டினால், அதே 6 பிஎஸ்ஐ உறிஞ்சும் பக்கம் வந்து நிற்கும். காற்றழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான், அதில் 6 போனால் சூடான பெட்ரோல் லைனுக்குள்ளேயே கொதிக்கும். இதைத் தடுக்கப் பின்னால் ஒரு எலக்ட்ரிக் பம்ப் போட்டு ஊட்டுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் எதை விட்டு ஓடினோமோ அதே வயரிங் திரும்பி வந்துவிடுகிறது. ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் அழுத்தம் ஏறாது என்பது இன்னொரு தொல்லை. மூன்று மணி நேர நெடுஞ்சாலை ஓட்டம் சீலுக்கும் பெல்ட்டுக்கும் சுமை. பெல்ட் அறுந்தால் அந்த இடத்திலேயே கார் நிற்கும். டிரெய்லரில் வந்து, எட்டு விநாடி ஓடி, டிரெய்லரில் திரும்புகிற காருக்கு இவை எதுவும் பொருட்டில்லை. அதற்கு மெக்கானிக்கல் பம்பைவிட நம்பகமானது இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

என் எல்லைக்கோடு 1500 ஹெச்பி பக்கம். அதுவரை டாங்குக்குள் மூன்று பம்ப் இ85-ஐ ஊட்டும். அதற்கு மேல் எலக்ட்ரிக்கில் போகிறவர்கள் ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டிவரும்.

எரிபொருள் விஷயத்தில் எனக்கு இ85 மேல் இருக்கும் பிரியத்தை மறைக்க மாட்டேன். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகும்போது சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். எத்தனால் 840-க்கு மேல், மெத்தனால் 1100. உள்ளே போகும் காற்று குளிர்ந்து, நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) தள்ளிப்போகிறது. அதிகம் ஊட்ட வேண்டும் என்பதே இங்கே வரமாகிறது. ஆனால் அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் 'இ85' என்று எழுதியிருப்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம், தரவிதியே அப்படி. ரிட்டர்ன் லைனில் ஒரு எத்தனால் சென்சார் இல்லாமல் டிராக் வீக் மாதிரி ஊர் ஊராகப் போவது ஆபத்து. மெத்தனால் சக்தியில் அதற்கும் மேல், ஆனால் அலுமினியத்தை அரிக்கும், ஓட்டம் முடிந்ததும் லைனைக் கழுவ வேண்டும், பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. தெருவில் ஓடும் காருக்கு அதை நான் ஊற்ற மாட்டேன்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய பெட்ரோல் கணக்கில் பம்ப் தேர்ந்தெடுத்திருந்தால், அதே சக்திக்கு 7 சதவீதம் வரை கூடுதல் அளவு போக வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ள காரில் முதலில் அதை மாற்றுங்கள். பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்ளுறை போட்ட ஹோஸ் எத்தனாலைத் தாங்கும், காரை மூடி வைத்த ஷெட்டில் வாடையும் வராது.

ரிட்டர்ன் லைன் இல்லாத ஃபேக்டரி அமைப்பை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். பூஸ்ட் 10 பிஎஸ்ஐக்குள் என்றால் சரி. 1000 ஹெச்பிக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும், அரை அங்குல அகலத்தில். சின்னதாகப் போட்டால் ஐடிலில் எரிபொருள் திரும்ப வழியில்லாமல் அடிப்படை அழுத்தம் தானாக ஏறும். வி8-க்கு எட்டு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 1300 சிசி தரும் அளவு. இன்றைய இசியுக்களில் அவ்வளவு பெரிய இன்ஜெக்டரும் ஐடிலில் முரண்டு பிடிப்பதில்லை.

எதைப் பொருத்தினாலும், இன்ஜினை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. வெட்டவெளியில், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். ரெகுலேட்டரின் ரிட்டர்ன் ஹோஸை ஒரு கேனுக்குள் விட்டு, கேனுக்கு எர்த் கொடுங்கள். பேட்டரியில் சார்ஜர் போட்டு 13.5 வோல்ட் நிறுத்துங்கள். ரெகுலேட்டரின் பூஸ்ட் துளையில் கைப்பம்பால் 30 பிஎஸ்ஐ காற்று கொடுங்கள். அழுத்தமானி 73.5-க்கு வந்ததும் எல்லாப் பம்பையும் 30 விநாடி ஓட்டி நிறுத்துங்கள். இ85-இல் 1000 ஹெச்பி காருக்குக் கேனில் 4.9 லிட்டர் இருக்க வேண்டும். 4.1 இருந்தால், கையிருப்பு முழுக்கப் போய்விட்டது. பம்பைக் குறை சொல்வதற்கு முன் மீட்டரை எடுத்துக்கொண்டு பின்சீட்டைத் தூக்குங்கள்.