திறன் பயிற்சிக்கு யார் தலைமை? கொங்கு மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆள் கிடைப்பதில்லை என்ற புகார் எழாத தொழில் கூட்டம் கோவையிலோ திருப்பூரிலோ நடப்பதில்லை. அதே ஊர்களில் ஃபிட்டர், டர்னர் படித்து முடித்த இளைஞர்கள் பட்டறைச் சம்பளம் கட்டுப்படியாகாமல் உணவு விநியோக வேலைக்குப் போகிறார்கள். ஆகவே பயிற்சி இடங்களைப் பெருக்குவது மட்டும் தீர்வாகாது. பயிற்சியை யார் திட்டமிடுகிறார்கள், அதன் பலனை யார் கணக்கெடுக்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அந்தப் பொறுப்புக்கு மூன்று தரப்புகள் உரிமை கோரலாம்: அரசு, தொழில்முனைவோர் அமைப்புகள், தொழிற்சங்கங்கள்.

அரசின் பெரிய பலம் பரப்பு. அந்தியூரிலிருந்தோ தாளவாடி மலையிலிருந்தோ வரும் மாணவர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் கல்விக் கட்டணமின்றிப் படிக்கலாம். பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை ஆகியவையும் உண்டு. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களையும் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது. 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நவீனப்படுத்தும் முயற்சியால், பழைய லேத் நின்ற கூடங்களுக்கு ரோபோவும் கணினிவழி இயந்திரமும் வந்து சேர்ந்தன. எந்தத் தனியார் அமைப்பும் இந்த அளவுக்குச் செலவு செய்யாது.

அரசின் பலவீனம் தலைமையிலேயே இருக்கிறது. மாவட்ட அளவில் பயிற்சியைத் திட்டமிடும் திறன் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். அவர் தலைமை வகிக்கும் குழுக்கள் ஏராளம். இந்தக் குழுவின் அலுவல்கள் பிடிபடுவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்ற கணக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். ஓராண்டு கழித்து அவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதோ கோப்பில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

தொழில்முனைவோர் தலைமைக்குக் கொங்கில் நீண்ட மரபு உண்டு. 1945-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் உருவான தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-இல் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் தொழில்துறையின் தேவையிலிருந்து பிறந்தவை. திருப்பூரில் ஏற்றுமதியாளர்கள் ஃபேஷன் கல்லூரியே நடத்துகிறார்கள். எந்த இயந்திரம் வரப்போகிறது, எந்த வேலை வழக்கொழியப்போகிறது என்பது பாடத்திட்டக் குழுவுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உற்பத்திக் கூடத்தில் தெரிந்துவிடும். கோரிக்கையை எழுப்பும் கலையிலும் இவர்களே முன்னணியில் நிற்கிறார்கள்: பட்ஜெட்டுக்கு முன் மனு, அமைச்சர் வந்தால் சந்திப்பு, டெல்லிக்குக் குழு.

ஆனால் பயிற்சி பெற்றவரின் கூலி உயர்வதில் முதலாளிக்கு இயல்பான அக்கறை இருக்காது. அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை; அவர் அமர்ந்திருக்கும் இடம் அப்படி. சில நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பேசப்பட்ட முறையை இந்தப் பகுதி எளிதில் மறந்துவிடக்கூடாது: பயிற்சியாளர் என்ற பெயரிலேயே இளம்பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் வைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, நாள்தோறும் உற்பத்தி வேலையை வாங்கினார்கள். பயிற்சி என்ற சொல்லுக்குள் மலிவான உழைப்பை ஒளித்துவைக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மேலும், பெரிய அமைப்புகளின் மேசையில் பத்து பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மேசை) வைத்து ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குச் செய்துகொடுக்கும் வேலை) செய்பவருக்கு நாற்காலி கிடைப்பது அரிது. சோமனூர் விசைத்தறிக்காரரின் நிலையும் அதுதான்.

தொழிற்சங்கங்களின் வலு கூலிப் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தமும், அதன் பின்னர் உற்பத்தியாளர் சங்கங்களுடன் வேலைப் பிரிவுவாரியாகப் போடப்பட்டுவரும் ஊதிய ஒப்பந்தங்களும் அதற்குச் சாட்சி. ஆயினும் பயிற்சி தங்கள் விஷயம் அல்ல என்பதுபோலச் சங்கங்கள் ஒதுங்கியிருப்பது பெரிய குறை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களிடையே அவற்றின் வேரும் ஆழமாக இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்க ஏற்பாடு ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. அங்கே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூர் தொழிலாளர் மேம்பாட்டு வாரியங்களில் பெரும்பான்மை இடங்களும் தலைவர் பதவியும் தொழில்துறைக்கு. குறைந்தது 20 சதவீத இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. ஆனால் அளவுகோலை வாரியம் தானே வகுத்துக்கொள்ள முடியாது. பயிற்சியை முடித்து வெளியேறியவர் அதற்குப் பிந்தைய இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா, இரண்டாம் காலாண்டில் இடைநிலை ஊதியம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் ஊதியம்) எவ்வளவு என்பவற்றைச் சட்டமே கேட்கிறது. அந்த அளவுகோல்தான் நமக்கு வேண்டியது; தலைவர் நாற்காலியை இங்கே தொழில்துறையிடம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏனெனில் கோவைக்குப் பொருந்துவது திருப்பூருக்கு அப்படியே பொருந்தாது. பம்பு, வார்ப்படம், இயந்திர உதிரிபாகம் ஆகியவற்றில் திறன் கூடினால் பொருளின் தரம் கூடும். அங்கே முதலாளியின் நலனும் தொழிலாளியின் நலனும் ஓரளவு ஒரே திசையில் போகின்றன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை (வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களை) எடுத்தாக வேண்டும் என்ற தொழிற்பழகுநர் விதியை அங்கே தொழில் அமைப்புகளின் பொறுப்பில் நடத்தவிட்டு, அரசு மேற்பார்வை செய்தால் போதும். திருப்பூரின் பின்னலாடையில் ஓவர்லாக் தையல் இயந்திரம் ஓட்டவும் துணியைச் செக்கிங் செய்யவும் கற்றுக்கொள்ளும் காலம் குறைவு. ஆளுக்கு இருக்கும் போட்டியும் கூலி மீதான அழுத்தமும் அதிகம். அங்கே ஆட்சியர் தலைமையே தேவை. அதுவும் தொழிற்சங்கத்துக்கும் ஜாப் ஒர்க் உரிமையாளருக்கும் பெண் தொழிலாளர்களுக்கும் குழுவில் உறுதியான இடத்தோடு.

கணக்கெடுப்பதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. வருங்கால வைப்பு நிதிப் பதிவு பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களையே தொடும் என்பதால், 10 பேர் உள்ள கூடத்தையும் எட்டுகிற இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் ஊதிய வரம்பான 21,000 ரூபாய்க்குள்தான் புதிதாகப் பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலோர் வருவார்கள். அதிலும் சேராத சிறு கூடங்களில் வேலை பார்ப்பவர்களை, பயிற்சி நிலையமே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்து விசாரித்து, தனிநபர் பெயரின்றி நிலையவாரியாக ஊதியப் பட்டியலை மாவட்டக் குழுவின் முன் வைக்கலாம்.