ஓராண்டு பிரிட்டனா, ஆறாண்டு அமெரிக்காவா? உளவியல் மேற்படிப்பு அலசல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உளவியல் படிக்கும் பிள்ளைகள் வெளிநாடு என்று பேசினால் இரண்டில் ஒன்றுதான்: பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி., இல்லாவிட்டால் அமெரிக்காவில் பிஎச்.டி. மனிதவளம், விளம்பரம், சந்தை ஆய்வு என்று போகிறவர் பிரிட்டனையே எடுக்கலாம். சீக்கிரம் முடியும், ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வுத் தொல்லையும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக நோயாளிகளைப் பார்க்க ஆசையென்றால் என் ஓட்டு அமெரிக்காவுக்கு. நான் எடுத்த முடிவும் அதுவே என்பதால் சாய்வு இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

கட்டணத்தைக் கேட்கும் முன், படித்து முடித்தபின் பெயர்ப் பலகையில் என்ன எழுதலாம் என்று கேளுங்கள். பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி.யின் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு டாக்டரேட் வேண்டும். டாக்டரேட் இடங்களில் பெரும்பாலானவை அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பணத்தில் உள்நாட்டவருக்காக நடப்பவை. சொந்தக் காசு கட்டும் வெளிநாட்டவரைச் சேர்ப்பவை மிகச் சில. பாடத்தின் பெயரிலேயே 'கிளினிக்கல்' என்று இருந்தாலும் ஓராண்டு எம்.எஸ்சி. இந்தக் கதவைத் திறக்காது. விளம்பரத்தில் பளிச்சென்று போடும் பி.பி.எஸ். (பிரிட்டிஷ் உளவியல் சங்கம்) அங்கீகாரமும் மேற்கொண்டு படிக்க அடிப்படைத் தகுதி, அவ்வளவே.

ஊர் திரும்பினால் சரியாகிவிடுமா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ஏற்ற, மேற்பார்வையோடு மருத்துவப் பயிற்சி தரும் படிப்பைக் கேட்கிறது. 2022இல் இந்தியாவும் பிரிட்டனும் செய்த ஒப்பந்தத்தால் அந்த எம்.எஸ்சி. இங்கே முதுகலையாகச் செல்லும். கல்லூரி வேலைக்கு அது பயன்படலாம். சிகிச்சை உரிமம் வேறு கதை.

அமெரிக்காவில் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற கிளினிக்கல் பிஎச்.டி.யில் பாடம், ஆய்வு, நோயாளிப் பயிற்சி, கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப் எல்லாம் ஒரே பட்டத்துக்குள் அடங்கும். பிறகு இ.பி.பி.பி. என்ற உரிமத் தேர்வும், அந்தந்த மாநிலம் கேட்கும் மேற்பார்வை மணிநேரமும் முடித்தால் உரிமம். ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். ஒரு முள்ளும் உண்டு: முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் இன்டர்ன்ஷிப்புக்குக் குடியுரிமை கட்டாயம், ஆகவே நமக்கு இடங்கள் குறைவு. ஊருக்கே திரும்பித் தொழில் செய்யும் எண்ணமென்றால், இந்தப் பட்டத்தையும் ஏற்பார்களா என்று ஆர்.சி.ஐ.யிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பணம். பிரிட்டனில் கட்டணமும் சாப்பாடும் தங்கலுமாக 30 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். 'வீடுதான் இருக்கே' என்பார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு பத்திரத்தில் பத்துப் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கோவையில். எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் வங்கி வக்கீல் சம்மதிக்க மாட்டார். தனிப்பெயரில் ஒரு மனை இருந்தால் அதைக் காட்டுவதே வேகம். விசாவுக்குக் காட்டும் தொகையும் மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் நிற்க வேண்டும். மலேசியாச் சித்தப்பா கணக்கைக் காட்டினால் செல்லாது. நகையை விற்று 20ஆம் நாள் போட்டாலும் செல்லாது.

அமெரிக்க பிஎச்.டி.யில் கட்டணத் தள்ளுபடியோடு உதவித்தொகையும் தருவது வழக்கம். சில இடங்களில் அது ஒன்பது மாதத்துக்குத்தான். கோடைக்கு என்ன வழி என்று கேட்டுவிடுங்கள். 'சைடி' (பி.எஸ்ஒய்.டி., டாக்டர் ஆஃப் சைக்காலஜி) என்ற பட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் கைக்காசு.

சேர்வதுதான் கடினம். நூற்றுக்கணக்கானவர் மோதும் இடத்தில் ஒரு துறை ஆண்டுக்கு ஏழெட்டுப் பேரை எடுத்தாலே பெரிது. அங்கே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதாக நினைக்காதீர்கள், ஒரு பேராசிரியருக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஜூலையிலேயே பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று அவர் ஆய்வக இணையப் பக்கத்தில் பாருங்கள். எடுக்காதவருக்குக் கட்டிய விண்ணப்பக் கட்டணம் தண்டம். ஏ.பி.ஏ. அங்கீகாரமுள்ள ஒவ்வொரு துறையும் செலவு, முடிக்க ஆகும் ஆண்டு, இடையில் விலகியவர், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர் விவரங்களைத் தன் இணையப் பக்கத்தில் போட்டாக வேண்டும். தரவரிசைப் பட்டியலை விட அந்த அட்டவணை பத்து மடங்கு உண்மை பேசும்.

கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். மூன்றாண்டுப் பட்டத்தோடு மட்டும் போனால் பல இடங்கள் நிறுத்திவிடும், இங்கே எம்.எஸ்சி.யும் ஓர் ஆய்வு அனுபவமும் முடித்துப் போவது நல்லது. அதிகாரபூர்வ மதிப்பெண் சான்று இணைப்புக் கல்லூரியில் கிடைக்காது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு முத்திரையிட்ட உறையில் தர வேண்டும், ஆகஸ்டிலேயே மனு போடுங்கள். பரிந்துரைக் கடிதம் மூன்று. 'நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்' என்று ஆசிரியர் சொல்வது நம் பக்கத்து வழக்கம். மூன்றையும் ஒரே கை எழுதினால் வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் ஆய்வில் செய்த வேலைகளைக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள், கடிதத்தை அவரே எழுதி, கல்லூரி மின்னஞ்சலிலிருந்து ஏற்றட்டும்.