ஐ7 என்றார், எந்த ஐ7 என்று நான் கேட்கவில்லை

கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 27,500 ரூபாய் கொடுத்து, கம்ப்யூட்டருக்கு மூளையான ப்ராசஸர் சில்லு ஏறக்குறைய 15 வருடப் பழசாக இருந்ததைப் புதுசு என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிவந்தவன் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வேலையை இன்னும் பல கடைகளில் செய்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடைப் படியை மட்டும்தான் மிதிக்காமல் இருப்பீர்கள்.

எனக்கு வலங்கைமான் பக்கம். பிளக்ஸ், பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. போன கார்த்திகை மழையில் என் பழைய கம்ப்யூட்டர் போர்டு போய்விட்டது. தை பிறந்தால் முகூர்த்தம், அடுத்து மாசி மகம். மெஷின் இல்லாமல் ஒரு வாரம் உட்கார்ந்தால் வாடிக்கை அடுத்த ஊருக்குப் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் அப்பா குறுவை நெல் போட்ட பணம் வங்கியில் இருந்தது. சம்பாவுக்கு உரம் வாங்க வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதலில் கேட்ட கடையில் இன்டெல் கம்பெனியின் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர் போட்டு, எல்லாம் சேர்த்து 31,000 சொன்னார்கள். நான் போய்ச் சிக்கியது இரண்டாவது கடையில்.

“என்ன வேலைக்குண்ணே?”

“பிளக்ஸ் டிசைன். கோரல், போட்டோஷாப்.”

“அப்ப ஐ3 எல்லாம் தாங்காதுண்ணே. ஐ7 போட்டுருங்க. அவங்க சொன்ன ஐ3 விலையை விடக் கம்மியாவே ஐ7 தர்றேன்.”

16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐ7. முன்பக்கம் கண்ணாடி போட்ட புது கேபினட், உள்ளே கலர் கலராக எரியும் மூன்று ஃபேன். கேபினட்டின் மேல் ஐ7 ஸ்டிக்கர். பிளாஸ்டிக் உறையைக்கூட என் கண்ணெதிரேதான் கிழித்தார். “புது பீஸ்தானே?” என்று கேட்டேன். “பாக்குறீங்கல்லண்ணே” என்றார். நான் பார்த்தது கேபினட்டை.

பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சன்ட் சேரும்ணே, எதுக்கு வீணா?” என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ‘ஐ7 சிபியு செட் – 1’. அவ்வளவுதான். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் பத்து நாள் குறை தெரியவில்லை. எஸ்எஸ்டி இருப்பதால் ஆன் செய்ததும் சட்டென்று வந்துவிடும். வேகமான மெஷின் என்று நம்பவைப்பதே அந்த எஸ்எஸ்டிதான். மார்கழிக் கடைசியில் ஒரு கும்பாபிஷேக பேனர் வந்தது. கோபுரப் படம், யாகசாலைப் படம், உபயதாரர்கள் முப்பது பேர் முகம். ஒவ்வொரு முகத்துக்கும் பின்னணியை வெட்டி எடுக்கவேண்டும். ஒரு முகத்தை வெட்டிவிட்டு அடுத்ததைத் தொடுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் போல் இருந்தது. ஃபேன் நெல் அறுக்கும் மெஷின் மாதிரி இரையும். பேனரை முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. என் பழைய, போர்டு போன மெஷின்கூட இப்படிப் படுத்தவில்லை.

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். உட்கார்ந்தவன் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு, அதாவது ப்ராசஸர். வலது மேல் மூலையில் இருந்ததைப் படித்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“மாமா, இது ஐ7-2600. ரெண்டாவது ஜெனரேஷன். நான் ஆறாவது படிக்கும்போது வந்தது.”

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்தத் தலைமுறைக்குள் எது பெரியது, எது சிறியது என்று சொல்வது மட்டும்தான். வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். டெஸ்க்டாப் ப்ராசஸரில் நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை: 2600 இரண்டாவது, 3770 மூன்றாவது, 8500 எட்டாவது. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு: 10100 பத்தாவது, 12100 பன்னிரண்டாவது. அல்ட்ரா என்று புதுப் பெயரில் வருகிறவற்றுக்கும் லேப்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கும் இந்தக் கணக்கு வேறு. ஐ7-2600 வெளிவந்தது 2011 ஜனவரியில். நான் வேண்டாம் என்று விட்டுவந்த ஐ3-12100, 2022 ஜனவரியில். இரண்டிலும் வேலை செய்யும் பகுதி (கோர்) நாலு, ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை (த்ரெட்) எட்டு. நொடிக்கு எத்தனை துடிப்பு என்று சொல்லும் அடிப்படைக் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் பழசுதான் கொஞ்சம் அதிகம்கூட: 3.4-க்கு 3.3. ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில் இடையில் பத்துத் தலைமுறை ஓடிவிட்டது. அந்த ஐ3 இந்த ஐ7-ஐ எல்லா வேலையிலும் முந்திப்போகும். மின்சாரத்தில் பழசு 95 வாட் கணக்கு, புதுசின் அடிப்படைக் கணக்கு 60. நம் ஊர் லோ வோல்டேஜுக்கும் சின்ன யுபிஎஸ்ஸுக்கும் இது சின்ன விஷயமில்லை.

படத்தைத் திரையில் காட்டும் பகுதியும் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. 2600-ல் இருப்பது, விண்டோஸில் படம் வரைய உதவும் டைரக்ட்எக்ஸில் 10.1 வரைதான் தாங்கும். இன்றைய போட்டோஷாப் கேட்பது 12. முப்பது முகத்துக்கு இரண்டு ராத்திரி ஏன் ஆனது என்று அப்போதுதான் விளங்கியது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இதை நன்றாகப் புரியவைத்தது அவர்தான். “ஆடுதுறைன்னு மட்டும் சொல்லி விதை வாங்குவமா? 43-ஆ, 45-ஆன்னு கேக்காம மூட்டையத் தொடுவமா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உரக் காசு போனதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

அன்று மதியமே கேபினட்டைத் திறந்தோம். ப்ராசஸர் மேலே இருந்த ஃபேனை அக்கா மகன் கழற்றி, காய்ந்துபோய் விபூதிக் கட்டி மாதிரி இருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துணியால் துடைத்தான். தகடு தெரிந்தது. ஓரமெல்லாம் கீறல், ஒரு மூலையில் யாரோ மார்க்கரில் போட்ட டிக். நடுவில் பொடி எழுத்தில் இன்டெல், பக்கத்தில் ’10 என்று பதிப்புரிமை ஆண்டு, அடுத்த வரியில் ஐ7-2600, அதற்குக் கீழே எஸ்ஆர்00பி என்ற குறியீடு, 3.40 கிகாஹெர்ட்ஸ், கோஸ்டா ரிக்கா. அந்த நாட்டில் ப்ராசஸர் அசெம்பிள் செய்துகொண்டிருந்த ஆலையை மூடப்போவதாக 2014-லேயே இன்டெல் அறிவித்துவிட்டது. அது வேலை செய்த காலத்தில் வந்த சில்லு, எங்கேயோ ஒரு ஆபீஸில் உழைத்துக் கழிக்கப்பட்டு, எத்தனை கை மாறியோ என் மேஜைக்கு வந்திருக்கிறது.

மதர்போர்டு மட்டும் புதுசுதான். ஆனால் கம்பெனிப் பெயரே இல்லை. ஹெச்61 சிப்செட் என்று மட்டும் அச்சடித்திருந்தது. பழைய இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசஸர்களைப் போட்டு விற்பதற்கென்றே இந்தப் போர்டுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகை. ப்ராசஸரை மட்டும் மாற்றிவிடலாம் என்றால் போர்டில் அது உட்காரும் இந்தச் சாக்கெட்டில் மூன்றாம் தலைமுறைக்கு மேல் எதுவும் உட்காராது. போர்டை மாற்றினால் ரேமும் மாறவேண்டும். கடைசியில் என்னிடம் மிஞ்சுவது கேபினட், எஸ்எஸ்டி, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். அந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் நம்பமுடியாது என்கிறான்.

விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு மைக்ரோசாஃப்ட் அனுமதி. இதில் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த பெரிய அப்டேட் இதற்குத் தானாக வராது. விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனேன்.

“ஐ7 கேட்டீங்க, ஐ7 குடுத்தேன். இதுல என்னண்ணே தப்பு?”

“புதுசுன்னு சொன்னீங்களே?”

“கேபினட் புதுசு, போர்டு புதுசு, எஸ்எஸ்டி புதுசு. சீட்டுல எந்த ஜெனரேஷன்னு எழுதியிருக்கு, காட்டுங்க பாப்போம்.”

சீட்டில் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டது எதற்கென்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தால் 8,000 தருகிறேன் என்றார். ஒன்றரை மாதம் முன்னால் அவர் 27,500-க்கு விற்ற பொருள்.

கையில் இரண்டு ஆதாரம் இருந்தது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பியிருந்தேன். வாங்குவதற்கு முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் விலை கேட்டபோது ‘ஐ7 ஆல் நியூ, 3 இயர்ஸ் வாரண்டி’ என்று அவரே அனுப்பியிருந்தார். அதை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பதிவு செய்தேன். அங்கிருந்து கடைக்குத் தகவல் போனதும் 8,000 என்பது 15,000 ஆனது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கடை தஞ்சாவூர் மாவட்டம், நான் திருவாரூர் மாவட்டம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். வக்கீல் வைக்காமலும் நாமே போய்ப் பேசலாம். தெரியாமல் எத்தனை பேர் போனது போகட்டும் என்று விட்டிருப்பார்கள்.

பழைய ப்ராசஸர் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பழசைப் பழசு என்று சொல்லி, பழசின் விலைக்கு விற்பவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் டெஸ்க்டாப்களில் ஐ5-8500 போட்டது வரும். 2018-ல் வந்தது, ஆறு கோர், விண்டோஸ் 11-ம் முறையாக ஏறும். பிள்ளைகள் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

புதுசு வாங்குகிறவர்கள் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கேளுங்கள். ஐ3-12100எஃப் என்று கடைசியில் எஃப் இருந்தால் அதில் டிஸ்ப்ளே வசதி கிடையாது. விலை குறைகிறதே என்று வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். இன்டெலுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி என்றால் டிஸ்ப்ளே உண்டு, வெறும் 5600 என்றால் இல்லை. டிசைன் வேலைக்குக் கார்டு வாங்க வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு எழுத்து பல ஆயிரம் ரூபாய்.

பெட்டியோடு வரும் ப்ராசஸருக்கு இன்டெல் கம்பெனியே மூன்று வருடம் வாரண்டி தருகிறது. பெட்டி இல்லாமல் ‘ட்ரே பீஸ்’ என்று கொடுப்பதற்கு விற்ற கடைதான் பொறுப்பு. நூறு இருநூறு மிச்சம் என்று பெட்டியை விட்டுவிடாதீர்கள். பெட்டியை நம் கையில் வாங்கி, சீல் பார்த்து, நம் எதிரிலேயே பிரித்து மாட்டச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் டாஸ்க் மேனேஜரில் பெயரைப் பாருங்கள். முடிந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் தெரியும் பெயரை மாற்றிக் காட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி பில்லில் ப்ராசஸரின் முழு எண், மதர்போர்டின் கம்பெனியும் மாடலும், சீரியல் நம்பர், எல்லாம் வரவேண்டும். எழுதமாட்டேன் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது முதல் கடையிலேயே ஐ3-12100 தவணையில் வாங்கியிருக்கிறேன். நேற்று மாசி மக பேனர் ஒன்று, இருபத்திரண்டு முகம், சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. பழைய பெட்டி மூலையில் துணி போர்த்தி இருக்கிறது. அது சாட்சிப் பொருள், யாரையும் தொடவிடவில்லை. ஆணையத்தில் அடுத்த தேதி பங்குனியில்.

சமீபத்தில் ஐ5, ஐ7 என்று வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே அந்த மூன்று பட்டனையும் அமுக்கி, சிபியு பக்கத்தில் என்ன எண் வருகிறது என்று சொல்லுங்கள். என்ன வயசு என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.