ஏற்காட்டுப் படகுக்கு அடிப்பலகை: தேக்கா, மரைன் ப்ளையா?

12 அடித் துடுப்புப் படகின் அடி உளுத்துவிட்டால் வழி இரண்டு. தேக்குப் பலகை மாற்றி, பலகை இடுக்கில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பற்று அடிக்கலாம், இல்லையென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை (படகுக்கான ஒட்டுப்பலகை) ஒட்டி, எபாக்சி பிசின் பூசலாம். எஸ்டேட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் பக்கம் போகவே வேண்டாம். ஈரத்தில் சீக்கிரம் மட்கிவிடும்.

ப்ளையில் கூலி குறைவு, மூட்டும் குறைவு. படகைச் சேலத்து ஷெட்டில் போட்டுவிட்டு எப்போதாவது தண்ணீரில் விடுகிறவர்களுக்கு அதுவே சரி. பலகைப் படகு என்றால் சித்திரை வெயிலில் மூட்டெல்லாம் வாயைப் பிளந்துவிடும். ஆனால் 12 அடிப் படகுக்கு 8 அடி ப்ளை ஷீட் பத்தாது என்பதால் ஒட்டுப்போட்டாக வேண்டும். 12 மி.மீ. ப்ளைக்கு ஓரத்தை 100 மி.மீ. அளவுக்குச் சரிவாகச் சீவினால்தான் ஒட்டு தாங்கும்.

ஏரியிலேயே கிடக்கும் படகுக்கு என் ஓட்டு தேக்குக்குத்தான். விஷயம் அடிபட்ட பிறகுதான் இருக்கிறது. தண்ணீர் வற்றும் கோடையில் கரைக்கல்லில் இழுத்தால் எபாக்சி கீறும். அந்தக் கீறல் வழியே இறங்கும் நீர் வெளியேற வழியில்லை, உள்பக்கமும் எபாக்சிதானே. பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்; ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மாவு மாதிரி உள்ளே போகும். நன்னீரில் பூஞ்சையைத் தடுக்க உப்பும் கிடையாது. அப்புறம் அடியைப் பெரிதாக வெட்டி எடுக்க வேண்டியதுதான். பலகையில் கெட்டது எதுவோ அதை மட்டும் கழற்றினால் போதும். எபாக்சி அடி இங்கே வெகுகாலம் உழைத்துப் பார்த்தவர்கள் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பலகையையும் ஒரேயடியாகக் கழற்றினால் படகின் வடிவமே போய்விடும்; ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றுங்கள். பழைய பலகைதான் அளவுக்கு அச்சு. அகலம் 5 அங்குலத்தைத் தாண்டினால் வளையும், வெடிக்கும். நீளம் பத்தாமல் இரண்டு பலகையை முனையோடு முனை சேர்க்கும் மூட்டு, வங்குக்கால் (படகின் குறுக்கே விலா எலும்பு போல நிற்கும் சட்டம்) மேல் வரக்கூடாது. இரண்டு வங்குக்கு நடுவே, உள்ளே முட்டுப்பலகை கொடுத்து இணைக்க வேண்டும். இரும்பு ஆணி ஈர மரத்தைக் கருக்கிவிடும், சிலிக்கான் வெண்கலத் திருகு போடுங்கள்.

பலகைகளின் உள்விளிம்பு ஒட்டி நிற்க, வெளியே 3 மி.மீ. வாய் இருக்கட்டும். பஞ்சுத்திரியை அதில் மிதமாகத்தான் திணிக்க வேண்டும். சேலத்துப் பட்டறையில் காய்ந்து கிடந்த பலகை ஏரியில் இறங்கியதும் ஊதும். திரி இறுகியிருந்தால் திருகைப் பிடுங்கும், வங்குக்காலையே பிளந்தாலும் பிளக்கும். ஆகவே வேலைக்கு முன் பலகையைச் சில வாரம் ஏற்காட்டிலேயே, நிழலில், காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள்.

தண்ணீரில் விட்டதும் ஓரிரு நாள் கசியும், பதற வேண்டாம். மூன்றாம் நாளும் நிற்காவிட்டால் முதலில் முட்டுப்பலகை மூட்டைப் பாருங்கள்.