மாசி, பங்குனி மாடித்தோட்டம்: பை, கலவை, மல்லிகை பற்றி என் அனுபவம்

சென்னை மொட்டைமாடிக்கு வசந்தம் என்றால் தை கடைசியிலிருந்து பங்குனி நடு வரைதான். மழை ஓய்ந்து, பனி குறைந்து, வெயில் இன்னும் முழுசாகச் சுடாத அந்தச் சின்ன இடைவெளியில் பூவும் காயும் சேர்ந்து கிடைக்கும். தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ஆறேழு வருஷமாக இந்தப் பருவத்தை நம்பித்தான் தோட்டமே நடக்கிறது. இத்தனை நாளில் எது நிலைத்தது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் செடி வளர்க்கும் பை. வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பாக வரும் பாலிதீன் பை விலை குறைவு. ஆனால் இரண்டு கோடையைத் தாண்டுவது கஷ்டம். மடிப்பில் விரிசல் விட்டு, தூக்கும்போது கையோடு கிழிந்து வரும். பச்சை நிற ஹெச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிதீன்) பைகள் அப்படி இல்லை. நான் முதலில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இன்னும் உழைக்கின்றன. சாயம் வெளுத்துவிட்டது, சிலவற்றில் கைப்பிடித் தையல் பிரிந்துவிட்டது, மற்றபடி பை உறுதியாகவே இருக்கிறது. வாங்கும்போது ஜி.எஸ்.எம். எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதைக் கேளுங்கள். 200க்கு மேல் இருந்தால் வாங்கலாம். வெயில் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஆன்லைனில் அப்படி வாங்கிய ஒரு கட்டு ஒரே வருஷத்தில் நார் நாராக உதிர்ந்தது.

அளவு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கத்தரி, தக்காளிக்கு 12க்கு 12 அங்குலம் போதும் என்பார்கள். மார்கழியில் போதும், பங்குனியில் போதாது. மாடியில் செடியை வாட்டுவது இலைமேல் விழும் வெயிலைக் காட்டிலும், பையின் மேற்குப் பக்கம் ஏறும் சூடுதான். சாயங்காலம் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். பயிர் முடிந்து பையைக் கவிழ்க்கும்போதெல்லாம் பார்க்கிறேன், மேற்குப் பக்கம் வெள்ளை வேர் இருப்பதே அபூர்வம், எல்லாம் கிழக்கே ஒதுங்கியிருக்கும். 15க்கு 15 பையில் நடுவில் கொஞ்சம் குளிர்ந்த மண் மிஞ்சுகிறது, செடி அதை வைத்துத் தாக்குப் பிடிக்கிறது. பைகளை ஒட்டி ஒட்டி வைப்பதும், மேற்கு ஓரத்தில் தென்னை மட்டையைச் சாய்த்து வைப்பதும் செலவில்லாத வேலை. தளத்தில் நேராக வைக்காமல் அடியில் செங்கல் கொடுத்தால் சூடும் குறையும், தண்ணீரும் தேங்காது.

கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள் பற்றி. 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் போல வரும், மாடிக்குப் பாரமும் குறைவு. ஆனால் அலசாத கட்டியில் உப்பு அதிகம். எங்கள் போர் தண்ணீரும் உப்பு. இரண்டும் சேர்ந்தால் மாசியிலேயே பை விளிம்பில் வெள்ளை படிந்து, இலை நுனி கருகும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே சேர்க்கிறேன். செம்மண், கோகோபீட், மக்கிய தொழுஉரம் மூன்றும் சம பங்கு, அப்புறம் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மண்ணே இல்லாத கலவை வெயில் காலத்தில் ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் காய்ந்துவிடுகிறது. மண்ணுக்கு மேலே மூடாக்கு, அதாவது காய்ந்த இலைதழைப் போர்வை, கட்டாயம். பொங்கல் கரும்பின் தோகையை வெட்டிக் காயவைத்துப் பரப்பினால் சித்திரை வரை வரும்.

காய்களில் தக்காளிதான் நாள் பார்த்து நடக்கும் பயிர். கார்த்திகைக் கடைசியில் விதைத்து மார்கழியில் நாற்றை மாற்றினால் மாசியில் பழம். தை பிறந்த பிறகு விதைத்தால் பூ பங்குனிச் சூட்டில் மாட்டிக்கொள்ளும். இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பூ உதிரும், பிஞ்சு நிற்காது. வெண்டைக்கு அந்தக் கவலை இல்லை. விதைத்து 45 நாளில் காய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம். சுரை சாயங்காலம் பூக்கும், பாகல் காலையில் பூக்கும். மாடியில் தேனீ குறைவு என்பதால் அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும். கொத்தமல்லி மாசிப் பாதியில் பூத்துவிடும், பிடுங்கிவிடாதீர்கள். அந்தப் பூவுக்கு வரும் தேனீக்கள் பாகலையும் பார்த்துக்கொள்ளும்.

சாமந்தி தையோடு முடிந்துவிடும். செண்டுமல்லி தொடரும். ஆனால் இந்தப் பருவத்தின் ராணி குண்டுமல்லிதான். அதற்கான வேலை நவம்பர் கடைசியிலேயே தொடங்குகிறது. செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவி, தண்ணீரைக் குறைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும், வெறும் குச்சியாக நிற்கும். தையில் துளிர் விட்டதும் தொழுஉரமும் தண்ணீரும் கூட்டினால், மார்ச்சில் ஒவ்வொரு கிளை நுனியிலும் மொட்டு. வெட்டாமல் விட்ட ஒரு செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது உயரமாக வளர்ந்து, இலையாகக் காட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்தது.

மல்லிக்கு இரண்டு தொல்லைகள். உப்புத் தண்ணீரில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வருகிறது. மற்றது மொட்டுப்புழு. ஓட்டை விழுந்த, நூலாம்படை பின்னிய மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சாயங்காலத்தில் அடிக்கிறேன். மாவுப்பூச்சிக்கும் இதேதான், ஆனால் எறும்பை ஒழிக்காமல் மாவுப்பூச்சி போகாது.

50 சதவீத நிழல்வலையைப் பங்குனி பிறந்ததும் கட்டிவிடுவது நல்லது. கத்தரியும் கீரையும் அதற்குக் கீழே சித்திரையையும் ஓட்டிவிடும். கொத்தவரைக்கும் வெண்டைக்கும் வலை தேவையே இல்லை. மல்லியைக் கட்டாயம் வலைக்கு வெளியே வையுங்கள், நிழல் விழுந்தால் அடுத்த சுற்று மொட்டு குறைந்துவிடும்.