மதர்போர்டு மாற்றிய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: ஒன்றரை வருடம் ஓட்டிய கதை

2016-ல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், கூடவே வந்த 1 டிபி ஹார்டு டிஸ்க். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் சார்ஜரைச் செருகியதும் லேசாகக் கருகல் வாடை வந்தது, அதோடு சரி. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், போர்டு மொத்தமா போயிடுச்சு, செகண்ட்ஸ் போர்டு ஒண்ணு இருக்கு, போட்டுத் தரவா?" என்றார். ஏற்கெனவே திரையைத் தாங்கும் ஒரு பக்க ஹிஞ்ச் (கீல்) உடைந்து, திரையைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அதையும், திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டேன். எல்லாம் சேர்த்து 11,000 சொச்சம். இதற்குப் புதுசே பார்த்திருக்கலாமே என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

"ஓடுது சார், செக் பண்ணிட்டோம்" என்று கொடுத்தார்கள். திரை எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அவர்கள் கணக்கில் அதுதான் செக் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

விண்டோஸ் பக்கம் நான் திரும்பிப் போகவில்லை. கூடவே வந்த விண்டோஸ் 10-இன் உரிமச் சாவி பழைய போர்டிலேயே எழுதப்பட்டிருந்தது, அது போர்டோடு போயிற்று. புதிதாகக் காசு கொடுத்து வாங்கலாம்தான், ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 வரைதான் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள், விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலோ, ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இலவச இயக்குதளமான லினக்ஸ் மின்ட்டின் 22-ஆம் பதிப்பு அந்த ஜூலையில்தான் வந்திருந்தது, 2029 வரை ஆதரவு உண்டு. அதில் சின்னமன் என்ற திரைத் தோற்றம் கொண்ட வகையை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன்.

அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தவனுக்கு இரண்டு நாள் ஆனது. இதில் மின்ட்டின் தப்பு என்று பார்த்தால் எதுவுமே இல்லை. முதலில், ஆன் செய்யும்போதெல்லாம் தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்று சொல்லி நின்றது. போர்டில் இருந்த பட்டன் பேட்டரி செத்துப்போயிருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் வைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சின்ன பிளக்கோடு வருமே, அந்த 2032. திரும்பவும் ரிச்சி தெரு. அப்புறம் இன்ஸ்டாலர் பாதியில் நின்று, ஆர்எஸ்டி-யை (இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறை) அணைத்துவிட்டு வா என்றது. என் பழைய போர்டில் டிஸ்க் ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறையில் இருந்தது, இந்தப் போர்டின் பயாஸில் (அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) வேறு யாரோ ரெய்டு என்று, அதாவது ஆர்எஸ்டி முறைக்கு, மாற்றி வைத்திருக்கிறார். செகண்ட்ஸ் போர்டு வாங்கினால் முன்னாள் உரிமையாளரின் பழக்கவழக்கமும் சேர்ந்தே வரும் போல. அதை மாற்றியதும் இன்ஸ்டால் பத்து நிமிடத்தில் முடிந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. போனை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் ஒரு டிக் அடித்ததும் அதுவும் வந்தது.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு உள்ளீட்டு மென்பொருள்களையும் நிறுவி, ஒரு முறை லாகவுட் ஆகி வந்தால் தமிழ்99 விசைப்பலகை தயார். இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பெரிய தலைவலி மூடிதான். மூடினால் லேப்டாப் தூங்கவில்லை. முதல் வாரமே மூடிப் பையில் போட்டு, பஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்கிப் பார்த்தால் பை இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது, பேட்டரி 9 சதவீதம். லினக்ஸில் ஸ்லீப் சரியாக வராது என்று பல வருடமாகக் கேட்டுக் கேட்டு ஊறிய மனது, உடனே மின்ட்டைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். பவர் செட்டிங் எல்லாம் மாற்றினேன், பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கோப்பைத் திருத்தினேன், இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்கு என்னென்னவோ அளவுருக்கள் கொடுத்தேன். மூன்று வாரம் இப்படிப் போனது. இத்தனைக்கும் மெனுவிலிருந்து சஸ்பெண்ட் கொடுத்தால் சமர்த்தாகத் தூங்கியது, அதை யோசித்திருந்தாலே போதும்.

கடைசியில் மூடியின் நிலையை நொடிக்கு ஒரு தடவை கோப்பில் எழுதும்படி இரண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டு, மூடி, பத்து எண்ணித் திறந்தேன். எல்லா வரியிலும் 'திறந்திருக்கிறது' என்றே இருந்தது. அதாவது மூடியதே அதற்குத் தெரியவில்லை. மூடியதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலான லேப்டாப்களில் கீழ்ப்பாகத்தில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும், அதற்கு நேர் மேலே திரைச் சட்டத்துக்குள் சின்னதாக ஒரு காந்தமும் இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுத்து வந்து டச்பேடின் இடப்பக்கமாக மெதுவாக நகர்த்தினேன் (எஸ்எஸ்டி என்பதால் காந்தத்துக்குப் பயப்படவில்லை). ஓரத்துக்கு வந்ததும் டக்கென்று திரை அணைந்தது. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது! கடைக்காரர் போட்ட டூப்ளிகேட் சட்டத்தில் காந்தம் இருக்கவேண்டிய குழி காலி. நல்லவேளை, பழைய சட்டத்தைக் குப்பையில் போடவில்லை. அதிலிருந்து அரிசி அளவுக் காந்தத்தை ஊக்கால் நெம்பி எடுத்து, புதிய சட்டத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன். அதற்குப் பிறகு இன்றுவரை மூடினால் தூங்குகிறது, திறந்தால் இரண்டு நொடியில் எழுகிறது.

பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுச் செருகினால், படிக்க மட்டும்தான் விட்டது, எழுத விடவில்லை. விண்டோஸ் முழுதாக அணையாமல் சீக்கிரம் எழ வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகி இருந்ததால் டிஸ்க் பாதித் தூக்கத்திலேயே நின்றிருக்கிறது. எனக்குப் படித்தால் போதும், எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டேன். அப்பா அடித்து வைத்திருந்த பழைய கடிதங்களைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. எல்லாம் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் அடித்தவை, இப்போதைய பொது முறையான யூனிகோடு இல்லை. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்துப் போட்டதும் கடிதங்கள் திரும்பத் தமிழாயின. இயக்குதளத்தை மாற்றுபவர்கள் போட்டோவை எல்லாம் ஞாபகமாக எடுப்பார்கள், எழுத்துருவை யாரும் நினைப்பதில்லை.

இந்த ஒன்றரை வருடத்தில் மென்பொருள் காலை வாரியது ஒரே தடவைதான், அதுவும் நானாக இழுத்துக்கொண்டது. சும்மா இருக்காமல் புதிய கெர்னலுக்கு மாறினேன், வைஃபை டிரைவர் அதோடு சேரவில்லை. துவக்கத்தில் எஸ்கேப் அழுத்திப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது, அதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. தீராத குறை என்றால் வீட்டிலிருக்கும் பழைய லேசர் பிரின்டர். அதற்கு டிரைவர் தேடிச் சலித்துவிட்டேன், இப்போது போனுக்கு அனுப்பித் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்தான் எடுக்கிறேன்.

போன மாதம் அக்கா மகனின் லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றக் கடைக்குப் போனபோது அந்த மின்ட் பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு போனேன். மாற்றி முடித்ததும் கவுன்டரிலேயே, டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவாகப் பூட் செய்து, வைஃபை, கேமரா, மைக், மூடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "என்ன சார், நாங்க செக் பண்ண மாட்டோமா?" என்று அந்தத் தம்பிக்குக் கோபம். பென்டிரைவைப் பிடுங்கி வலப்பக்க யூஎஸ்பியில் செருகினேன். பூட் ஆகவே இல்லை. ஒன்றும் பேசாமல் திரும்ப ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.